கார் து நோர் நிலையமும் வடபிரான்சின் சரித்திரமும்

பிரான்ஸ் தேசத்தின் இயற்கை எழிலையும் சரித்திரச் சின்னங்களையும் காண்பதற்கென்று உலகின் நாலா திசைகளிலுமிருந்து ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோர் வருகின்றனர். நம்மவர்கள் அவ்வாறு காண வந்தவர்கள் அல்லர். பாண்டிச்சேரி, காரைக்கால் மக்களில் ஒரு பகுதியினர் பிரெஞ்சுக் குடியுரிமையுடன் முன்னரே இங்கு குடியேறியிருந்தனர். இலங்கைத் தமிழரிற் பெரும்பாலானோர் 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் உயிர் தப்பினாற் போதுமென்று வந்து இறங்கியவர்கள். அகதி விண்ணப்பம், வதிவிட அட்டை, உணவகத்திற் கோப்பை கழுவும் வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வந்தால் அவர்களை ஈபிள் கோபுரத்துக்கும் வெர்சாய் மாளிகைக்கும் கூட்டிச் செல்வதும், நேர்த்தி வைத்து லூர்து மாதாவிடம் ஒருமுறை போய் வருவதும் தவிர, இந்நாட்டைச் சுற்றிப் பார்த்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியுள்ளனர். முதலாம் உலக யுத்தத்தைப் பற்றிப் பள்ளியிற் படிக்கும்போது, அந்த யுத்தத்திற் போரிட்ட தம் பாட்டனுக்குப் பாட்டன்மாரின் படங்களைச் சக மாணவர்கள் கொண்டுவந்து காட்டுகின்றனர். தமிழ்ப் பிள்ளை வீட்டுக்கு வந்து, "எங்கட ஆட்கள் அப்ப எங்கே இருந்தவை?" என்று கேட்டால் பெற்றோரிடம் பதில் இருப்பதில்லை. அந்தப் பதிலின் ஒரு பகுதி லாச்சப்பலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கார் து நோர் புகையிரத நிலையத்திலிருந்து புறப்படும் தண்டவாளத்தின் மறுமுனையில் இருக்கின்றது. அது வரையுள்ள வழியிலும் பார்ப்பதற்கு நிறைய உண்டு.

முதலில் நிலையத்தையே பார்க்கலாம். பயணிகளின் தொகையில் ஐரோப்பாவிலேயே முதலிடம் வகிக்கும் இந்நிலையத்தின் முகப்பை நிமிர்ந்து பார்ப்போர் குறைவு. 1846இல் திறக்கப்பட்ட முதல் நிலையம் சில ஆண்டுகளிலேயே போதாமற் போயிற்று. அதனை இடித்துவிட்டு 1861 முதல் 1865 வரையில் இன்றைய கட்டடம் எழுப்பப்பட்டது. பழைய முகப்பு வீணாக்கப்படவில்லை. கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுபோய் லீல் நகர நிலையத்துக்குப் பொருத்திவிட்டார்கள். புதிய முகப்பில் 23 பெண் சிலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நகரம். உச்சியில் நடுநாயகமாக நிற்பவள் பாரிஸ். லண்டன், பேர்லின், வியன்னா, வார்சோ முதலியவை மேல்வரிசையிலும், அமியான், லீல், கலே போன்ற பிரெஞ்சு நகரங்கள் கீழேயும் நிற்கின்றன. இங்கிருந்து எங்கெங்கே போகலாம் என்பதைக் கல்லிற் செதுக்கிய கால அட்டவணை அது.

கட்டியவர் ஜேர்மனியின் கொலோன் நகரில் 1792இற் பிறந்த இத்தோர்ஃப் என்ற கட்டடக் கலைஞர். அவரைப் பற்றிய ஒரு செய்தி சைவ மக்களுக்குச் சுவை தரும். பண்டைக் கிரேக்கர்களின் கோவில்கள் யாவும் தூய வெண்பளிங்கு என்றே அக்கால அறிஞர்கள் நம்பியிருந்தனர். சிசிலித் தீவிலுள்ள பாழடைந்த கோவில்களை 1820களில் நேரிற் சென்று ஆராய்ந்த இத்தோர்ஃப், அவை சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பல வர்ணம் பூசப்பட்டவை என்று வாதிட்டார். கற்றோர் பலர் முகஞ் சுளித்தனர். தெய்வம் உறையும் இடத்துக்கு வர்ணமா என்பது அவர்களின் ஐயம். வர்ணம் தீட்டிய கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. பிற்கால ஆராய்ச்சி இத்தோர்ஃபின் பக்கமே சாய்ந்தது. நிலையத்திலிருந்து தெற்கே பத்து நிமிட நடைத் தூரத்தில் அவர் கட்டி முடித்த சென் வின்சென் தெ போல் தேவாலயம் உள்ளது. தம் கொள்கைப்படி அதன் முன்மண்டபத்தில் வர்ண எனாமல் ஓவியப் பலகைகளைப் பதித்தார். அவற்றிலுள்ள உருவங்கள் ஆடையின்றி இருக்கின்றன என்று குருமார் எதிர்க்கவே, 1861இல் அவை கழற்றப்பட்டன. சரியாக 150 ஆண்டுகள் கழித்து, 2011இல், மீண்டும் அதே இடத்திற் பதிக்கப்பட்டன. கட்டணமின்றிப் பார்க்கலாம்.

நிலையத்தின் பக்கத்திலேயே லாரிபுவாசியேர் வைத்தியசாலை. நம்மவர் பிள்ளைகள் பலர் பிறந்த இடம். அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்காகக் காத்திருந்த அனுபவமும் பலருக்கு இருக்கும். ஆனால் அதன் முற்றத்திற் சற்று நின்று அதன் அமைப்பைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 1832ஆம் ஆண்டு வாந்திபேதி நோய் பாரிஸ் நகருக்குள் நுழைந்தது. வங்காளத்தின் கங்கைச் சமவெளியிலிருந்து 1817இற் புறப்பட்ட அந்நோய் பதினைந்து ஆண்டுகளில் உலகைப் பாதி சுற்றி இங்கு வந்து சேர்ந்தது. ஆறு மாதத்தில் இந்நகரில் 18,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரதமராயிருந்த கசிமிர் பெரியேயையும் அது விட்டுவைக்கவில்லை. வலதுகரைப் பகுதியில் ஏழைகளுக்கெனப் பெரியதொரு வைத்தியசாலை இல்லாத குறை அப்போதுதான் ஆட்சியாளருக்கு உறைத்தது. 1846இல் வேலை தொடங்கி, லாரிபுவாசியேர் சீமாட்டி நகருக்கு எழுதிவைத்த பெருஞ் செல்வத்தின் உதவியோடு 1854இல் திறக்கப்பட்டது.

நோய் கெட்ட காற்றாற் பரவுகின்றது என்பது அன்றைய வைத்தியர்களின் நம்பிக்கை. எனவே நடுவிற் பெரிய முற்றம் விட்டு, இருபுறமும் நோயாளர் விடுதிகளைத் தனித்தனிக் கட்டடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றினூடாகவும் காற்றும் வெயிலும் புகும்படி அமைத்தார்கள். கொள்கை தவறு, கட்டடம் சரி. நெரிசல் குறைந்தால் தொற்றும் குறையும் என்பது எக்காலத்துக்கும் பொருந்தும். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இவ்வமைப்பை மெச்சி எழுதினார். அதன் பின் உலகெங்கும் இம்மாதிரியில் வைத்தியசாலைகள் எழுந்தன. வாந்திபேதி தண்ணீரால் வருவது என்பதை லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் தெருக்குழாய் ஒன்றை வைத்து எடுத்துக்காட்டியதும் இதே 1854இல்தான் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

லாச்சப்பல் என்றால் சிறு ஆலயம் என்று பொருள். 1860 வரை இது பாரிசோடு சேராத தனிக் கிராமம். இங்குள்ள சென் தெனி தெ லா சப்பல் என்னும் பழைய தேவாலயத்தில் 1429 செப்ரெம்பரில் ஜோன் ஒவ் ஆர்க் பிரார்த்தனை செய்துவிட்டுப் பாரிசைத் தாக்கச் சென்றாள் என்பது வரலாறு. தொடையில் அம்பு தைத்துத் திரும்பினாள். நகரம் அன்று வசப்படவில்லை. நம்மவர் கடைகள் நிறைந்த போபூர் சென் தெனி வீதி அவளுக்கும் முந்தியது. பாரிசிலிருந்து வடக்கே சென் தெனி மடாலயத்துக்குப் போகும் அரச பாதை அது. பிரெஞ்சு மன்னர்கள் இறந்தபோது அவர்களின் பூதவுடல் இவ்வழியேதான் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. ஆண்டுதோறும் விநாயகர் தேர் வரும் அதே வீதியிற் பல நூற்றாண்டுகளாக அரசர்களின் இறுதிப் பயணம் நடந்தது என்பதை இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இவ்வீதியின் தென்முனையில் போர்த் சென் தெனி என்ற பிரமாண்டமான கல்வாயில் நிற்கின்றது. பதினான்காம் லூயி மன்னன் ஒல்லாந்தரை வென்ற பெருமையைக் கூற 1672இல் எழுப்பப்பட்டது. அதே 1672இல் அம்மன்னனின் கப்பற்படை திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் வந்து நங்கூரமிட்டு, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் அனுமதியோடு கோட்டை கட்ட முயன்றது. சில மாதங்களில் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்திவிட்டார்கள். கல்வாயிலில் அந்தச் செய்தி இல்லை. (1782இல் சுஃப்ரேன் என்ற பிரெஞ்சுத் தளபதி திருகோணமலையைப் பிடித்ததும், மறு ஆண்டுச் சமாதானத்தில் அது திரும்பவும் ஒல்லாந்தருக்கே போனதும் வேறு கதை. ஈபிள் கோபுரத்தின் பக்கத்தில் அவர் பெயரால் ஓர் அகன்ற வீதி இருக்கிறது.)

கார் து நோரில் ஏறினால் சென் தெனிக்குப் பத்து நிமிடங்கூட ஆகாது. நம்மவர்கள் பலர் வசிக்கும் நகரந்தான். ஆயினும் பெரிய தேவாலயத்தின் உள்ளே சென்றவர்களைத் தேடவேண்டியிருக்கிறது. சூஜே என்ற மடாதிபதி 1144இல் இதன் கருவறைப் பகுதியைப் புதுப்பித்துக் குடமுழுக்குச் செய்தார். பருத்த சுவர்களை நீக்கி, கூர்வளைவுகளின் மேல் பாரத்தை ஏற்றி, சுவர் இருந்த இடத்தில் வர்ணக் கண்ணாடி பதித்தார். கொதிக் பாணி எனப்படும் கட்டடக் கலை இவ்விடத்திலேயே பிறந்தது என்பர். நாற்பதுக்கு மேற்பட்ட மன்னர்களின் சமாதிகள் இங்குள்ளன. 1793இற் புரட்சிக்காரர் அச்சமாதிகளைத் திறந்து எலும்புகளைக் குழிகளிற் கொட்டிச் சுண்ணாம்பு போட்டனர். நாலாம் ஹென்றி மன்னனின் உடல் இறந்து 183 ஆண்டுகளுக்குப் பின்னும் கெடாதிருந்தமையால் அதனைப் பார்க்கச் சனம் கூடியதாம். 1817இல் எஞ்சிய எலும்புகளை அள்ளி வந்து ஒரே அறையில் வைத்தார்கள். எது எந்த அரசனுடையது என்று எவராலும் கூற முடியவில்லை.

நிலவறையில் ஒரு சிறு பளிங்குக் கிண்ணம் இருக்கின்றது. அதனுள் ஒரு குழந்தையின் இருதயம். கில்லட்டின் இயந்திரத்தில் மாண்ட பதினாறாம் லூயி மன்னனின் மகன் 1795 யூன் 8ஆம் திகதி பாரிஸ் சிறையொன்றிற் பத்து வயதிற் காசநோயால் இறந்தான். மரண விசாரணைக்கு உடலை வெட்டிப் பார்த்த பெல்ற்றான் என்ற வைத்தியர் இருதயத்தைக் கைக்குட்டையிற் சுற்றி இரகசியமாக எடுத்துக்கொண்டு போனார். மதுசாரத்தில் இட்டு வைத்திருந்ததை அவருடைய மாணவன் ஒருவன் திருடினான். பின்பு அது திரும்பி வந்தது. 1830 புரட்சியின்போது பாத்திரம் உடைய, வைத்தியரின் மகன் இடிபாடுகளுள் தேடி எடுத்தான். இதற்கிடையில் "நானே அந்த இளவரசன்" என்று கூறிக்கொண்டு எத்தனையோ பேர் கிளம்பினார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து விஞ்ஞானம் விடை சொன்னது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் ஒரு வகை மரபணு உண்டு. உலர்ந்த அவ்விருதயத்திலிருந்து எடுத்த மரபணுவும், தாய் மரி அந்துவானெத்தின் கூந்தலிலிருந்தும் அவளுடைய தாய்வழி உறவினரிடமிருந்தும் பெற்றவையும் ஒத்திருப்பதாக 2000ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். 2004 யூன் 8ஆம் திகதி, இறந்து 209 ஆண்டுகள் கழித்து, அந்தப் பிள்ளைக்கு உரிய மரியாதையுடன் இறுதிக்கிரியை நடைபெற்றது. காணாமற் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் நிறைந்த நம் சமூகத்தில் இச்செய்தியை எவரும் வெறும் அரச கதையாகக் கேட்கமாட்டார்கள்.

வடக்கே மேலும் போனால் ஷாந்தியி. அரைமணி நேரப் பயணம். பெரும்பாகப் பாரிசுக்கான மாதாந்தப் பயண அட்டை இங்கு செல்லாது. தனி ரிக்கற் எடுக்கவேண்டும். தெரியாமற் போய்த் தண்டம் கட்டியவர்கள் உண்டு. ஆறாயிரம் ஹெக்ரயருக்கு மேற்பட்ட காடும், நீரின் நடுவே மாளிகையும், அதனுள் பழைய ஓவியங்களில் லூவ்ருக்கு அடுத்ததென்று மதிக்கப்படும் சேகரிப்பும் உள்ளன. ஓமால் கோமகன் பிள்ளைகளை இழந்த நிலையில், எந்த ஓவியத்தையும் இடம் மாற்றக்கூடாது, இரவல் கொடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு 1886இல் இதனை நாட்டுக்குத் தானமாக எழுதிவைத்தார். ஆயினும் நம்மவர் பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது ஓவியங்களல்ல, குதிரை லாயமே. 240 குதிரைகள் கட்டத்தக்க, அரண்மனையையே விஞ்சும் கட்டடம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் இதனைக் கட்டுவித்த கோந்தே இளவரசர், தாம் மறுபிறப்பிற் குதிரையாகப் பிறப்போம் என்று நம்பியதாலேயே இவ்வளவு வசதியாகக் கட்டினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கத்தோலிக்க இளவரசருக்கு மறுபிறவி நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை எவரும் விளக்கவில்லை.

அமியான் நகரத் தேவாலயம் 1220இல் தொடங்கப்பட்டது. உட்கூரை 42 மீற்றர் உயரம். பாரிஸ் நோத்ர்தாம் இரண்டு அடங்கும் என்று கூறுவர். அதன் வாயிற் சிற்பங்களைத் துப்புரவு செய்தபோது பழைய வர்ணப் பூச்சின் சுவடுகள் தெரிந்தன. இப்போது குறிப்பிட்ட பருவங்களில் இரவிலே ஒளி பாய்ச்சி அவ்வர்ணங்களை மீட்டுக் காட்டுகின்றார்கள். இத்தோர்ஃப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். நகரின் ஓரத்திலே ஓர்த்தியோனாழ் எனப்படும் நீர்த்தோட்டங்கள் இருக்கின்றன. சோம் ஆற்றின் சதுப்பை வெட்டி வாய்க்கால்கள் அமைத்து, இடையிலுள்ள கரிய மண்திட்டுகளில் மரக்கறி பயிரிட்டு, தட்டையான வள்ளத்தில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவருவது வழக்கம். வலிகாமத்துச் செம்மண்ணில் துலா மிதித்து இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைவித்தவர்களுக்கு இத்தோட்டக்காரர்களின் பாடு சொல்லாமலே விளங்கும். முன்னர் நூற்றுக்கணக்கானோர் செய்த தொழிலை இன்று மிகச் சிலரே செய்கின்றனர். மற்றையவை பூந்தோட்டங்களாகவும் ஓய்வுக் குடில்களாகவும் மாறிவிட்டன. வள்ளத்திற் சுற்றிக் காட்டுகின்றார்கள், வயோதிபருக்கும் ஏற்றது.

அதே ஆறு கடலிற் கலக்கும் குடா இந்நாட்டின் மிக அழகான கரைகளில் ஒன்று. நொயெல் சூர் மேர் நிலையத்தில் இறங்கினால் பழைய நீராவிப் புகையிரதம் சதுப்பு நிலத்தினூடாகச் சென் வலெரிக்குக் கொண்டுபோய் விடும். இங்கிலாந்தைப் பிடிக்க 1066இல் வில்லியம் மன்னன் பாய் விரித்துப் புறப்பட்ட துறைமுகம் அது. கடல் வற்றும்போது மணற்றிட்டுகளிற் கடல்நாய்கள் வெயில் காயும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வடதுருவப் பக்கத்துக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையிற் பறக்கும் பறவைகள் ஆயிரக்கணக்கில் தங்கும். மன்னார் வங்காலைக் கரையிற் பறவைக் கூட்டம் பார்த்தவர்களுக்கு ஊர் ஞாபகம் வரும். கடல் திரும்பும் வேகம் அதிகம் என்பதால் வழிகாட்டியின்றி மணலில் தூரம் நடக்கவேண்டாம். நொயெல் ஊருக்கு அருகில் வயல்களின் நடுவே ஒரு சீன மயானம். முதலாம் யுத்தத்திற் கூலிப்படையாகக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளர் எண்ணூறுக்கு மேற்பட்டோர் அங்கு கிடக்கின்றனர். பலரைக் கொண்டுபோனது குண்டல்ல, 1918இன் விஷக் காய்ச்சல்.

பெல்ஜிய எல்லையை நோக்கிச் செல்லும் தண்டவாளத்தில் லாந்திரசி என்ற சிற்றூர் உண்டு. பார்க்கப் பெரிதாக எதுவுமில்லை. பாண்டிச்சேரி மக்கள் மட்டும் அறியவேண்டிய ஊர்: 1697இல் துப்ளே பிறந்தது அங்கேதான். 1742 முதல் 1754 வரை பாண்டிச்சேரியில் ஆளுநராயிருந்து, தென்னிந்தியாவையே பிரெஞ்சுக்காரர் கையில் ஒப்படைக்க முனைந்து, திருப்பி அழைக்கப்பட்டு, 1763இற் பாரிசில் கடனாளியாய் இறந்தார். அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவைத்த தமிழ் நாட்குறிப்பு இல்லாவிடில் அக்காலத்துப் பாண்டிச்சேரியின் உயிர்ப்பு நமக்குக் கிடைத்திராது. அதன் பிரதிகளும் அரியேல் என்ற அதிகாரி திரட்டிய தமிழ் ஏடுகளும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட வேளையில் வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டதையும், அதைத் தடுக்க முடியாத மக்களின் பரிதவிப்பையும் அந்நாட்குறிப்பே சொல்கின்றது. பாரிஸ் மெற்றோவின் ஆறாம் பாதையில் துப்ளே என்ற நிலையத்தைக் கடக்கும்போது இதுவும் நினைவிருக்க வேண்டியதே.

இனி, நேவ் சப்பல். 'புதிய சிற்றாலயம்' என்று பொருள்படும் இக்கிராமமும் பெயரளவில் லாச்சப்பலுக்கு உறவுதான். கார் து நோரிலிருந்து பெத்தூன் நகருக்குப் போய், அங்கிருந்து வாடகை வண்டியில் சுமார் பதினைந்து கிலோமீற்றர் செல்லவேண்டும். தட்டையான நிலம், கிழங்கும் பீற்றூட்டும் விளையும் வயல்கள், நாலு வீதிகள் சந்திக்கும் இடத்தில், திடீரென்று, இந்தியா.

வட்டமான வெண்கல் மதில். அதில் ஒரு பாதி, வடஇந்திய மாளிகைகளிற் காணும் பலகணி வேலைப்பாடு. வாயிலுக்கு நேரே பதினைந்து மீற்றர் உயரத்தில், அசோகச் சக்கரவர்த்தியின் தூண்களை ஒத்த ஒரு கற்றூண், தலையில் தாமரை, அடியில் இரு புலிகள் காவல். புதுடில்லித் தலைநகரை லட்யென்சுடன் சேர்ந்து கட்டிய ஹேர்பேர்ட் பேக்கர் இதனை அமைத்தார். 1927 ஒக்ரோபர் 7ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. மதிலின் உட்புறம் முழுவதும் பெயர்கள். 4,700க்கும் மேல். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மாண்டு, உடல் கிடைக்காத அல்லது கல்லறை இல்லாத இந்தியப் படையினர்.

1914 செப்ரெம்பர் 26ஆம் திகதி முதல் இந்தியப் படைப்பிரிவு மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. மக்கள் பூச்சொரிந்து வரவேற்றனர். ஒரு மாதத்தில் அவர்கள் போர்முனையில் நின்றனர். வெப்ப நாட்டுக்குத் தைத்த மெல்லிய காக்கி உடையோடு அக்குளிர்காலத்துள் இறங்கியவர்கள் பலர். பதுங்கு குழிகளில் முழங்கால் மட்டும் பனிநீர். நாட்கணக்காக நனைந்த காலின் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, மரத்து, கறுத்து, அழுகும். இதற்கு 'பதுங்குகுழிக் கால்' என்றே வைத்திய நூல்களிற் பெயர் ஏற்பட்டது. காலை உலர்த்தி, எண்ணெய் பூசி, காலுறை மாற்றினால் தடுக்கக்கூடிய நோய்தான். மாற்றுவதற்குக் காலுறை வேண்டுமே. 1915 மார்ச் 10ஆம் திகதி ஜேர்மனியர் வசமிருந்த நேவ் சப்பலைப் பிடிக்கத் தாக்குதல் தொடங்கியது. தாக்கிய படையில் ஏறக்குறையப் பாதி இந்தியர். கிராமம் சில மணி நேரத்தில் வீழ்ந்தது. அதற்கு அப்பால் மூன்று நாள் போரிட்டும் ஓர் அங்குலம் பெரிதாக நகரவில்லை. நாலாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். முதல் நாளிலேயே ஜேர்மானியப் பதுங்கு குழிக்குள் முன்னணியில் நின்று முன்னேறிச் சென்று மாண்ட கப்பர் சிங் நேகி என்ற கட்வால் இளைஞனுக்கு விக்ரோரியா சிலுவை வழங்கப்பட்டது. அவனுடைய பெயரும் மதிலில் உண்டு. உடல் எங்கே என்று தெரியாது.

காயமுற்றவர்கள் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். பிறைற்றன் நகர அரண்மனை வைத்தியசாலையாக்கப்பட்டு, சாதி சமய ஆசாரங்களுக்கு ஏற்ப ஒன்பது சமையற்கூடங்களும், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெவ்வேறு தண்ணீர்க் குழாய்களும் வைக்கப்பட்டன. அங்கு இறந்த இந்துக்களும் சீக்கியர்களும் மேட்டு நிலத்திலே முறைப்படி தகனஞ் செய்யப்பட்டனர். அரசாங்கம் இவ்வளவு கவனமாயிருந்தது கருணையால் மட்டுமல்ல; ஊருக்குப் போகும் கடிதங்களுக்கு அது அஞ்சியது. தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்த அக்கடிதங்களிற் பல இன்றும் லண்டனிற் பாதுகாக்கப்படுகின்றன. குளிரைப் பற்றி, வீட்டு நிலத்தைப் பற்றி, தமக்குத் தாய்போல் உணவிட்ட பிரெஞ்சுக் கிராமத்துக் கிழவிகளைப் பற்றி, இங்கே பெண்பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதைப் பற்றி எழுதினார்கள். நம்மவர் 1980களில் ஊருக்கு எழுதிய கடிதங்கள் இவற்றிலிருந்து அதிகம் வேறுபட்டவையல்ல.

மதிலில் தமிழ்ப் பெயர் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். சிங், கான், தாப்பா, ராவத் என்பனவே அடுக்கடுக்காக வரும். பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்கர், கட்வாலியர். போர்க்குணம் வடக்கத்தையருக்கே உண்டு என்ற ஆங்கிலத் தளபதி றொபேட்ஸ் போன்றோரின் கொள்கையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை மாகாணக் காலாட்படைகள் பெரிதும் குறைக்கப்பட்டிருந்தன. ஆகவே "எங்கட ஆட்கள்" என்று இம்மதிலைக் காட்டிப் பிள்ளையிடம் பெருமை கொள்வது சரியாகாது. பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்த சில நூற்றுவரே தமிழ் மண்ணின் பங்கு. அவர்களில் மாண்டோருக்கான நினைவுச் சின்னம் பாண்டிச்சேரிக் கடற்கரையில், காந்தி சிலைக்கு எதிரே, 1938இல் திறக்கப்பட்டது. பிள்ளைக்கு இதனை உள்ளபடியே சொல்லலாம். தேவாரமும் குருவாணியும் குர்ஆனும் ஓதிய உழவர் பிள்ளைகள், தமக்குப் பகையில்லாத ஒரு நாட்டுடன், தம்மை ஆண்ட ஒரு நாட்டுக்காக, இந்த வயல்களில் நின்றார்கள்.

தூணின் அடியில் இறைவன் ஒருவனே, வெற்றியும் அவனுடையதே என்ற கருத்தில் ஆங்கிலம், அரபு, இந்தி, குர்முகி ஆகியவற்றிற் பொறித்திருக்கின்றார்கள். 1964இல் ஒரு வெண்கலத் தகடும் சேர்க்கப்பட்டது. ஜேர்மனியர் கையிற் கைதிகளாகி, பேர்லினுக்குத் தெற்கே முகாமில் மாண்டு, சேரென்ஸ்டோர்ஃப் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்ட இருநூறுக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதிலுள்ளன. அம்மயானம் கிழக்கு ஜேர்மனியின் இராணுவப் பகுதிக்குள் அகப்பட்டுப் பராமரிக்க முடியாமற் போனதால், பெயர்களையாவது காப்பாற்ற வேண்டுமென்று இங்கு கொண்டுவந்தார்கள். ஜேர்மனி ஒன்றான பின் அம்மயானமும் திருத்தப்பட்டது. அந்த முகாமிலிருந்த கைதிகளின் குரலை ஜேர்மானிய மொழியறிஞர்கள் அக்காலத்து ஒலித்தட்டுகளிற் பதிவு செய்தார்கள். அவை இன்றும் பேர்லினில் உள்ளன.

பாழடைந்த மயானத்திலிருந்து பெயர்களை எடுத்துப் பத்திரமான இடத்திற் பதிப்பது என்பது, கல்லறைகள் இருந்த இடமே தெரியாதபடி உழப்பட்டுவிட்ட ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கவேண்டிய காரியமல்ல. இங்கு வந்த நம்மவர் சிலர் நெடுநேரம் பெயர்களை விரலாற் தொட்டு வாசித்துக்கொண்டு நின்றதுண்டு. தெரிந்த பெயர் எதுவும் அங்கில்லை.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். அனுமதிக் கட்டணம் இல்லை. அருகிற் கடையோ தேநீர்ச்சாலையோ கிடையாது; தண்ணீரும் சாப்பாடும் கட்டிக்கொண்டு போகவேண்டும். மார்ச் மாதத்தில் அந்த வயற்பக்கம் சேறும் எதிர்காற்றும் கடுமை. நீரிழிவு உள்ளவர்கள் நனையாத சப்பாத்தும் மாற்றுக் காலுறையும் எடுத்துச் செல்வது நல்லது. மே முதல் செப்ரெம்பர் வரை உகந்த காலம். திரும்பிவரும் வாடகை வண்டியைப் பெத்தூனிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நேவ் சப்பலில் நின்று வண்டி பிடிக்க முடியாது.